மேரியம்மா கேட்காமல் விட்ட பாதை

செவ்வாய்க்கிழமை திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைகளை எடைக்கு இறக்கிவிட்டு நின்றபோது போன் வந்தது. ஏரிக் கூட்டமைப்பின் ஆரோக்கியமேரி அம்மையார் விழுப்புரம் மருத்துவமனையில் காலமாகிவிட்டார். நேற்றுகூடப் பேசினாரே என்று, செய்தி சொன்னவரிடமே சண்டைக்குப் போனேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கடனுதவியில் எங்கள் பகுதியின் ஒன்பது ஊர் ஏரிகளைச் சீரமைக்க ஒரு திட்டம் வந்தது. மதகு எங்கே வர வேண்டும் என்பதைக்கூட எங்களைக் கேட்காமல் வரைந்துவிட்டார்கள். நிலமுள்ளவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், மீன் குத்தகைக்காரர்கள் என்று முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத எங்களை ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தவர் அவர். கூலித் தொழிலாளி வீட்டில் பிறந்தவர்.

முதல் கூட்டத்துக்கு நான் பதினொரு கோரிக்கைகளோடு போனேன். மற்றவர்களும் சளைத்தவர்கள் அல்லர். எல்லாத் தாள்களையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"ஆளுக்கொண்ணு கேட்டா ஒண்ணும் தராம அனுப்பிடுவாங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி திட்டத்த தமிழ்ல கிராம சபையில படிக்கணும், நம்ம சம்மதம் வாங்கணும். இத மட்டும் கேப்போம்" என்றார்.

அவர் தெருக்காரர் ஒருவர் எழுந்து, இடுகாட்டுப் பாதையையும் சேர்க்கச் சொன்னார். அந்தப் பாதையை அடைத்திருந்தது என் நிலத்து முள்வேலிதான். அது இங்கே வேண்டாம் என்று அவரை உட்கார வைத்துவிட்டார் மேரியம்மா. அப்பாடா என்றிருந்தது எனக்கு. எழுதக் கூசுகிறது.

வெளிநாட்டு அதிகாரிகள் வந்தபோது ஒன்பது ஊரும் அந்த ஒன்றையே சொன்னோம். வேறு ஏதாவது உண்டா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? கிணற்று மோட்டார் என்று ஆரம்பித்தேன். மேரியம்மா என் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஒன்பது ஊரும் சேர்ந்து கேட்டதை மறுக்க அவர்களால் முடியவில்லை. இன்று அந்தத் திட்டத்தில் கிராம சபையில் படிக்காமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை.

எங்கள் ஏரி வேலை முடிந்தபின் ஒருநாள், உங்கள் தெருப் பாதையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அன்னிக்கு அத சேத்திருந்தா நீங்க எழுந்து போயிருப்பீங்க இல்லண்ணா? உங்க பின்னாடியே மத்த நெலத்துக்காரங்களும் போயிருப்பாங்க. எங்க சனம் என்னைய இன்னும் திட்டிக்கினுதான் கீறாங்க."

அதைக் கேட்ட பிறகும் நான் வேலியை எடுக்கவில்லை.

புதன்கிழமை நல்ல மழை. வாய்க்கால் ஓரமாகச் சுற்றி, முழங்கால் சேற்றில் அவரைத் தூக்கிப் போனார்கள். இரண்டு இடத்தில் பெட்டி சாய்ந்தது. ஒன்பது ஊர்க்காரர்களும் பின்னால் நடந்தோம். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மேரியம்மா, நேற்று வேலியை வெட்டிவிட்டேன். இன்று உங்கள் தெருக்காரர்கள் அந்த வழியாகத்தான் உங்களுக்குப் பூ எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் வரப்பில் ஒதுங்கி நின்றேன். இரண்டே நாள் முந்தியிருக்கக் கூடாதா நான்? மன்னித்து, போய் வாருங்கள்.