முட்டைக்குப் பதில் தாமல் கினோவா

சாப்பாட்டுப் பொருள் விற்பவனுக்குச் சரக்கு தீர்ந்தாலும் பயம் தீராது. நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். பெரிய காஞ்சிபுரத்தில் சிறுதானியக் கடை வைத்திருக்கும் நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பக்கத்து ஊரான தாமலில் கினோவா என்கிற வெளிநாட்டு விதையை அரை ஏக்கரில் பயிர் செய்த என் மச்சான், முதல் அறுவடையை என் கடையில் இறக்கியபோதே, இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "நம்ம ஒடம்பு தானா செஞ்சிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலமும் முட்டையில இருக்கற மாதிரியே இதுலயும் இருக்குது மாமா, பயப்படாத வித்துடு" என்றான். எங்கள் பக்கத்தில் முட்டை தொடாத சைவ வீடுகள் அதிகம். அவர்களை நினைத்துக் கரும்பலகையில் பெரிதாக எழுதி மாட்டினேன்: 'முட்டைக்குப் பதில் தாமல் கினோவா. புரதம் நிறைந்தது.'

நுரை

இரண்டு தெரு தள்ளியிருக்கும் செல்வி அக்கா மறுநாளே ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு கடையேறினார். மகளுக்குக் கஞ்சி வைக்கலாமென்று கினோவாவைக் கழுவினாராம். தண்ணீருக்கு மேல் இரண்டு விரல் உயரம் நுரை நின்றது. பூச்சிமருந்தாக இருக்குமோ?

மச்சானுக்கு ஃபோன் போட்டேன். விதையின் மேல்தோலில் கசப்பு இருக்கும், அதுதான் நுரைக்கிறது, நுரை அடங்கும்வரை தேய்த்து அலசவேண்டும் என்றான் ஆற அமர. மூட்டையை இறக்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பான்? நான் விளக்கியதையெல்லாம் அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"பூந்திக்கொட்ட போட்டாக்கூட இவ்ளோ நுர வராது. இதுல பட்டுப் பொடவ அலசலாம்பா, இதயா புள்ளைக்கி ஊட்டச் சொல்ற?"

ஏகாதசி

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். ஏகாதசியன்று தானியம் தொடமாட்டார். கினோவா விரதத்துக்கு ஆகுமா என்று கேட்டார். "இது தானியமே இல்ல சார், சக்கரவர்த்திக் கீரைக்குச் சொந்தம், வெறும் விதை" என்றேன். மச்சான் சொல்லிக்கொடுத்ததுதான், உண்மையும்கூட. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மனிதரின் அத்தனை வருஷ விரதமும் என் ஒரு வார்த்தையில் கெட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

"சரி, அரைக் கிலோ போடும். பெருமாள் கேட்டார்னா உம்ம கடை அட்ரஸைச் சொல்லிடறேன்."

பாதிப் பாக்கெட்

மாணிக்கம் அண்ணன் தறி நெய்கிறவர். வாரம் ஒரு கிலோ வீதம் மூன்று வாரம் கினோவா வாங்கினார். "ஒடம்பு அசதியா இருக்குதுபா" என்பார். "நல்லா சாப்பிடுங்கண்ணே, அவ்வளவும் புரதம்" என்பேன். எத்தனை வேளை சாப்பிடுகிறார், உடம்புக்கு என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

நான்காம் வாரம் அவர் வரவில்லை. ஆஸ்பத்திரிப் பையோடு அவர் மனைவி வந்து, பாதி காலியான பாக்கெட்டை மேஜைமேல் வைத்தார்.

"இத நீயே வெச்சிக்கபா. அவுரு கிட்னிக்கி இவ்ளோ புரதம் விஷம் மாதிரின்னு டாக்டரு சத்தம் போட்டாரு."

தறிச் சத்தம்

கடையை இழுத்து மூடிவிட்டு நடந்தேன். ஊர் என்ன பேசும் என்பதெல்லாம் அப்புறம். ஒரு நல்ல மனிதரைச் சாகடித்துவிட்டேனோ என்பதுதான் மனசு முழுக்க. அவர் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் மட்டும் சத்தமே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகக் கால் வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். மாணிக்கம் அண்ணன் தறியில் உட்கார்ந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். சத்தம் இல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கால்கள் வீங்கியிருந்தன. ரத்தப் பரிசோதனையில் யூரியா அளவு ஏறியிருக்கிறதாம், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டுமாம். "கிட்னியில கோளாறுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"டாக்டரு மின்னாடியே முட்டயும் வேணாம், பருப்பும் கொறச்சிக்கன்னாரு. நீ முட்டைக்கிப் பதில்னு எழுதி வெச்சிருந்த, அதான் நம்பி வாங்கினம்பா."

பலகையை அன்றைக்கே அழித்தேன். அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியது என்று கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது என் கடையில் கினோவா வாங்க வருகிறவர்கள் முதலில் தங்கள் சிறுநீரகத்தின் ஜாதகத்தை ஒப்பித்துவிட்டுத்தான் பையை நீட்டவேண்டியிருக்கிறது.