அமானிதமாக வைத்த ரேம்

மாரி மழைக்கு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். அதனால் பரீட்சைக்காக விடுதிக்குப் போகுமுன் என் கம்பியூட்டரைக் காக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவர் என் ஒரே சகோதரர். எங்கள் கல்முனை ஊர் வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகு பெண் வீட்டில் இருக்கிறார். அது மாடி வீடு.

"காக்கா, இது உங்கட கையில அமானிதம்" என்றேன். நம்பி ஒப்படைத்ததை அப்படியே திருப்பித் தருவதுதான் அமானிதம்; எங்களுக்குள் அந்தச் சொல்லுக்கு மேல் பூட்டு தேவையில்லை. அப்படி ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கும்போது திறந்து பார்ப்பது, காத்துத் தந்தவரின் முகத்தில் அடிப்பது போல. பரீட்சை முடிந்து வந்து வாங்கியபோது நான் திறந்து பார்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முழுதாய் முடித்து கெம்பஸ் போனவள் நான் மட்டும்தான். அந்தக் கம்பியூட்டரை ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே பொருத்தினேன். அதிலிருந்த இரண்டு ரேம் அட்டைகளும் ஒரே பெட்டியில் வந்த சோடி. குறிக்கப்பட்ட வேகத்துக்கு மேலே அவற்றை ஓவர்க்ளொக் செய்து, பிழையில்லாமல் ஓடவைக்க ஒரு விடுமுறை முழுவதும் போனது. எங்கள் பெண்கள் கேமிங் அணிக்கு நான் கெப்டன். எங்களைப் பார்த்துச் சிரித்த பொடியன்மாரும் தங்கள் கம்பியூட்டர் நின்றால் என்னிடம்தான் வந்தார்கள்.

கம்பியூட்டர் வீட்டுக்குத் திரும்பிய கிழமையே தெரிவுப் போட்டி. நடுவில் திரை நீலமாகி நின்றது. "என்ன கெப்டன், கல்முனையில கரண்ட் போயிட்டா?" என்று வாட்ஸ்அப் குழுவில் சிரித்தார்கள். இரண்டாம் முறை நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. தோற்றோம்.

"அளவுக்கு மிஞ்சி முறுக்கினா இப்பிடித்தான். பெருமை ஒனக்கு, மூக்கு ஒடஞ்சது எங்களுக்கு" என்றாள் அணியில் ஒருத்தி.

அவள் சொன்னதை நான் நம்பினேன். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் என் கணக்கில் எங்கே பிழை என்று தேடினேன். கடைசியில்தான் பெட்டியைக் கழற்றினேன். இரண்டு ரேமும் கறுப்புத்தான். ஆனால் ஒன்று என்னுடையதல்ல. சோடிக்குப் பழக்கிய வேகத்தில் ஒரு அந்நியன் ஓடிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறு தின்ன வந்த காக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஓம், நான்தான் மாத்தின. மச்சான் கேம் அடிக்கக்குள்ள அவன்ட கம்பியூட்டர் இறுகி நிக்குதாம். உன்டதுல ஒண்டப் போட்டா சரியாகுமாம். அதக் குடுத்திட்டு அவன்டத இதுல போட்டன். அதுவும் எட்டு ஜிபி, இதுவும் எட்டு ஜிபி. ஒரு சுண்டு அரிசி கைமாத்து வாங்கினா அதே அரிசியவா திருப்பிக் குடுக்கிற?"

"நீங்க கைமாத்து வாங்கல்ல காக்கா. நான் அமானிதம் தந்தன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். அந்தச் சொல்லை எனக்குப் பழக்கியவர் உம்மாதான்.

"அவன் அண்டைக்கே எனக்கிட்டச் சொன்னான் மகள். நான்தான் உனக்குச் சொல்ல வேணாம் எண்டன். பொண்டாட்டி வீட்டில இரிக்கிறவன், மச்சான் கேட்டா இல்லண்டு சொல்ல ஏலுமா? நீ படிச்ச புள்ள. உனக்கு இன்னொண்டு எடுக்க ஏலும்."

படித்த பிள்ளை. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட அதே வாயால், என் பொருளை எடுப்பதற்கான நியாயமாக அதைச் சொன்னார்.

அந்நிய ரேமைக் கழற்றி ஒரு துணியில் சுற்றிக் காக்காவின் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது உங்கட மச்சான்ட அமானிதம். குறையாமக் குடுங்க."

பிறகு அணிக் குழுவில், "என் வேலையில் பிழையில்லை. யாரோ ரேமை மாற்றியிருக்கிறார்கள்" என்று எழுதினேன்.

"யாரு மாத்தின?" உடனே கேட்டார்கள்.

காக்கா கை கழுவும் சத்தம் கேட்டது. உம்மா அவருக்குத் துவாய் கொடுத்தார். நான் எழுதத் தொடங்கினேன், அழித்தேன். அவர்கள் இருவரின் மானத்தையும் யாரோ என் கையில் அமானிதமாக வைத்துவிட்டதுபோல இருந்தது.

அந்தக் கேள்வி இன்னும் குழுவில் அப்படியே இருக்கிறது. கெப்டன் இப்போது வேறொருத்தி.