மடக்காத குடை

எங்கள் சித்தப்பாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி மலேசியாவின் கேமரன் மலையிலேயே கிடையாது. தோட்டத்து மேனேஜர் துரையின் ஜீப் சத்தம் கேட்டால் போதும். சைக்கிளிலிருந்து குதித்து, கொட்டுகிற மழையானாலும் குடையை மடக்கி, சாக்கடையோரம் ஒதுங்கி நிற்பார். துரைக்கு முன்னால் குடை விரித்து நிற்கக்கூடாது என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம். எழுபதுகளில் பக்கத்து டவுன் தானா ராத்தாவில் போய் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். நனைந்த கோழியாக அவர் நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் எனக்கு மானமே போய்விடும்.

இப்படிப்பட்டவர் சொல்கிற கதையெல்லாம் வீரக்கதையாகத்தான் இருக்கும். சாயங்காலமானால் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளெல்லாம் எங்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். கதையில் ஓர் இளவரசன் இருப்பான், பனிமூட்டத்துக்குள் ஒரு பூதம் இருக்கும். ஆனால் சித்தப்பா இளவரசனை அம்போவென்று விட்டுவிட்டு, அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கும் ஒரு நோஞ்சானிடம் போய்விடுவார். அவன் பேரைக்கூட யாரும் கேட்டதில்லை. பூதம் வந்ததும் இளவரசன் எடுப்பான் ஓட்டம். குடைக்காரன் மட்டும் கால் நடுங்க அங்கேயே நிற்பான்.

"கால் நடுங்குனா என்ன லா? நடுங்கிக்கிட்டே நிக்கலாம்ல," என்பார் சித்தப்பா. ஓடாமல் நிற்பவனைப் பார்த்துப் பழக்கமில்லாத பூதம் குழம்பிப்போய்த் திரும்பிவிடும்.

வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வேன். அந்தக் குடைக்காரன் நான்தான் என்று முடிவே செய்துவிட்டேன். பிடித்தது சனி.

ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது நல்ல மழை. வளைவில் துரையின் ஜீப் வந்தது. கூட வந்த பிள்ளைகள் மளமளவென்று குடையை மடக்கி ஒதுங்கினார்கள். நான் விரித்த குடையோடு நடுப்பாதையில் நின்றேன். கால் நடுங்கியது. அதுவே பெருமையாக இருந்தது. துரை கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார், பக்கத்திலிருந்த, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் ஏதோ கேட்டார். பிறகு ஜீப் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான்.

அன்றைக்கே கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வர வேண்டுமாம்.

ஆபீஸ் வாசலிலேயே சித்தப்பா செருப்பைக் கழற்றினார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "சின்னப்புள்ளைங்க ஐயா, தெரியாம செஞ்சிருச்சு. நான்தான் சரியா வளக்கல," என்றார். துரை தலை நிமிரவில்லை. சித்தப்பா மறுபடியும் சொன்னார். துரை காகிதத்தைப் புரட்டினார். அவர் கால்கள் நடுங்குவது கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது. அப்படியும் அவர் நகரவில்லை, திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வகுப்புப் பிள்ளைகள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் என் முகம் எரிந்தது. இவர் எனக்குச் சொந்தமே இல்லை என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. கடைசியில் துரை கையை அசைத்தார்.

"சரி லா, போ. இனிமே பொட்டப்புள்ளைய அடக்கி வை," என்றார் கிராணி.

வழி முழுக்க நான் சித்தப்பாவிடம் பேசவில்லை. லயம் நெருங்கும்போது மட்டும், "வீரமெல்லாம் கதையில மட்டுந்தானா?" என்று கேட்டேன்.

"பசிக்குதா?" என்றார் அவர்.

அப்பா செத்துப்போய், மூச்சிரைப்பால் அம்மாவும் கொழுந்து பறிக்கப் போக முடியாமல் நின்றுவிட்ட பிறகு, சித்தப்பாவுக்கு வேலை இருக்கிறவரைதான் எங்களுக்குத் தோட்டம் கொடுத்த அந்த வீடு. இதையெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை. நாங்கள் உள்ளே நுழைந்தபோது அம்மா சட்டிபானைகளைப் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விட்டுட்டாங்க அண்ணி," என்றார் சித்தப்பா.

அம்மா முடிச்சை அவிழ்த்து, சோற்றுப்பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள். மூட்டையைப் பார்த்ததும் எங்கேயோ ஊருக்குக் கிளம்புகிறோம் என்று நினைத்துவிட்ட நான், அந்தப் பயணத்தையும் இவர்தானே கெடுத்தார் என்று சித்தப்பாவிடம் இன்னும் இரண்டு நாள் பேசாமலிருந்தேன்.