பூதப்பாண்டித் தேள்

தேள் ஏன் மின்னுகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். கேட்கிறவர்கள் பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த ஒரு கேள்விக்காக நான் பட்ட பாடு அப்படி.

எங்கள் ஊர் மலையாளச் சீமையை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு ஓரிரு வருடம் முந்தி நடந்தது இது. கடற்கரையில் கறுப்பு மணல் எடுக்கிற கம்பெனியில் எனக்கு வேலை. பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை முடித்த பெண் என்று எங்கள் கரையில் வேறு ஆள் கிடைக்காததால் பரிசோதனை அறையில் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். மற்ற பெண்கள் வெயிலில் ஓலைக் கடவப் பெட்டியில் மணல் சுமந்தார்கள். அறையின் மூலையில் கறுப்புத் துணி தொங்கவிட்ட ஒரு சின்ன அடைப்பு. அதற்குள் ஒரு விளக்கு. புற ஊதா என்று இப்போது புத்தகத்தில் போடுகிறார்கள். எங்களுக்கு அது கறுப்பு விளக்கு. அதன் கீழே மணலை விரித்தால் ஒரு வகைக் குருணை மட்டும் செம்மஞ்சளாக ஒளிரும். அது எந்த மணலில் கூட, எதில் குறைய என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அந்த வேலையை விட்டால் கருவாட்டுக்குக் காகம் ஓட்ட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்கு வயிற்றில் முதல் பிள்ளை.

ஒரு நாள் காலையில் சாக்கை எடுத்தபோது அடியில் கிடந்த தேள் ஒன்றை, எங்கள் ஆபீசர் இடுக்கியால் பிடித்து அந்த விளக்கின் கீழே வைத்துவிட்டார். திருவனந்தபுரத்துக்காரர். படித்தவர், நல்லவர், வேறு வேலை இல்லாதவர். கறுப்புத் தேள் பச்சையாக மின்னியது. கொடுக்கு, கால், முதுகு எல்லாம் பச்சை. மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி துள்ளி, வெளியே மணல் சுமந்துகொண்டிருந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். காட்டச் சொல்லி யாராவது கேட்டார்களா? இல்லை.

"இது என்னத்துக்கு சாரே மின்னுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது ஆர்க்கும் அறிஞ்ஞூடா" என்றார் அவர். யாருக்கும் தெரியாதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்து சிரித்துத் தொலைத்தார். அவருடைய பல்லும் வெள்ளை வெளேரென்று மின்னியது. உடனே பெண்கள் கையை நீட்டிப் பார்த்தார்கள். நகமெல்லாம் மின்னியது. ஒவ்வொருத்தியாகத் துணியை விலக்கிக்கொண்டு வெளியே போனார்கள். போகும்போதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது: தேள் மணலில் கிடந்து மணலைத் தின்றிருக்கிறது, அதனால் மின்னுகிறது. நாமும் மணலில் கிடக்கிறோம், நமக்குள்ளும் மணல் ஏறிவிட்டது.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? சாயந்தரம் நான் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் சேதி போய்விட்டது. மறுநாள் காலையில் தெருவில் பார்த்தால் ஒவ்வொரு முற்றத்திலும் ஒருத்தி குந்தி உட்கார்ந்து உமிக்கரியால் பல்லைத் தேய்க்கிறாள். ஈறில் ரத்தம் வருகிற வரைக்கும் தேய்க்கிறாள். நகத்தைத் தேங்காய்த் தொண்டினால் உரசுகிறாள். மின்னல் போகவேண்டுமாம். பல் என்றால் அந்த விளக்கில் மின்னத்தான் செய்யும், நகமும் அப்படித்தான், அது உங்கள் உடம்போடு பிறந்தது என்று தெருத்தெருவாகச் சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

என் வீட்டில் மாமியார் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீ இனி மணலுக்குப் போவண்டாம். வயித்துல கெடக்குத பிள்ளையும் தேளு மாதிரி மின்னும்."

"மாமி, மணலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த வெளக்குல ஒரு வெளிச்சம் உண்டு, நம்ம கண்ணுக்குத் தெரியாது. தேளுக்க மேல்தோடு அத வாங்கி, கண்ணுக்குத் தெரியுத நெறமாட்டுத் திருப்பி விடுது. வெளக்க அணச்சா தேளும் அணஞ்சு போவும்."

"அப்பம் கடலு சில நாளு மின்னுதே, அங்க எவன் வெளக்கு பிடிக்கான்?"

"அது வேற மாமி. கடல்ல கெடக்குத பொடி உயிரு தானே வெளிச்சம் உண்டாக்குது, மின்னாம்பூச்சி மாதிரி. தேளு தானா உண்டாக்காது. வாங்கித்தான் குடுக்கும்."

"எதுக்கு வாங்குது, எதுக்குக் குடுக்குது?"

"தெரியாது."

"தெரியாது. ஆனா மணலுனால இல்லன்னு மட்டும் தெரியும்" என்றார் மாமியார்.

என் கணவரைப் பார்த்தேன். அவர் வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் பேசுவதைவிடச் சுறாவின் வாயில் கையை விடலாம் என்று நினைக்கிற மனிதர். "நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க" என்றார். அந்த வலையைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டால் என்ன என்று இருந்தது.

கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், ஒரு நேரம் சாப்பிடாமலும் இருந்தேன். மாமியார் அசையவில்லை. கம்பெனிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்தபோதுதான் ஒரு வழி தோன்றியது. கறுப்பு மணலையே பார்க்காத ஒரு தேள் வேண்டும்.

கம்பெனியின் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டவர் பூதப்பாண்டிக்காரர், மலையோரத்து ஊர். வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வருவார். அவருக்குச் சொல்லி அனுப்பினேன். "வயித்துப்பிள்ளக்காரி ஆசப்பட்டுக் கேக்கது மாங்காயா இருக்கும்னு பாத்தேன்" என்றாராம். ஆனாலும் வரும்போது ஒரு மருந்துப் போத்தலில் உயிரோடு கொண்டுவந்தார். நான் மாமியாரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கம்பெனிக்கு அழைத்துப் போனேன். ஆபீசர் தானே துணியை விலக்கிவிட்டார். தான் செய்துவைத்த வேலை அவருக்கே தெரியும்.

அடைப்புக்குள் மாமியார் முதலில் பார்த்தது தேளை அல்ல, தன் பல்லை. என் கைக்கண்ணாடியை வாங்கி வாயைத் திறந்து பார்த்தார். வருடக்கணக்காக வெற்றிலைக் காவி ஏறிய பல். மின்னவில்லை.

"கண்டியா. நான் மணலு செமக்கல்ல, எனக்கு மின்னல்ல."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் இரண்டு கையையும் பிடித்து விளக்கின் கீழே நீட்டினேன். பத்து நகமும் மின்னின. மாமியார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சாமான் அறைக்காரர் போத்தலைக் கவிழ்த்தார். பூதப்பாண்டித் தேள் தட்டில் விழுந்து ஓடப் பார்த்தது. நம்மூர்த் தேளைவிட ஒரு சாயல்கூடக் குறையாத பச்சை.

"இது எங்க உள்ளது?" என்று மாமியார் கேட்டார்.

"எங்க வைக்கப்போருக்கு அடியில பிடிச்சது. அங்க கடலும் கெடயாது, ஒங்க மணலும் கெடயாது. வயலுதான்."

மாமியார் ரொம்ப நேரம் பார்த்தார். விளக்கை அணைக்கச் சொன்னார். தேள் இருட்டில் மறைந்தது. போடச் சொன்னார். வந்தது. திரும்ப அணைக்கச் சொன்னார். பிறகு வெளியே வந்து, "எல்லாத் தேளும் மின்னுத சாதிதான் போல. அதுக்கா இந்தப் பாடு" என்றார், பாடு படுத்தியது நான்தான் என்பது போல. மறுநாள் நான் வேலைக்குப் போனேன். சேதி தெருவில் பரவி உமிக்கரித் தேய்ப்பும் ஓய்ந்தது.

ஜெயித்துவிட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தேள் மின்னுவது மணலால் அல்ல என்று காட்டியிருக்கிறேன். மணலால் ஒரு கேடும் இல்லை என்று நான் எங்கே காட்டினேன்? அந்த மணலைக் கப்பல் கப்பலாக வாங்கிப் போகிறார்கள், எதற்கு என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. ஆபீசரிடம் கேட்டேன். "நீ பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்பது ஒரு பதிலா? தேளைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று நேராகச் சொன்னவர், மணலைப் பற்றிக் கேட்டால் பயப்படாதே என்கிறார். இதை மாமியாரிடம் போய்ச் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு குருணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். நல்ல வெளிச்சம் உள்ள காலை. நர்ஸ் குளிப்பாட்டிச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனதும் விரல்களை எண்ணினேன், கண்ணைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கம்பளியை என் தலைக்கு மேலே இழுத்து, வெளிச்சம் ஒரு பொட்டும் நுழையாமல் ஓரங்களை அமுக்கிக்கொண்டு, உள்ளே இருட்டில் பிள்ளையைப் பார்த்தேன். என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

இடிக்கிற சத்தம் நின்றது.

"மின்னுதாட்டி?"

கம்பளிக்குள்ளிருந்தே, "இல்ல மாமி" என்றேன்.

"அந்த வெளக்கு இல்லாம எப்பிடி மின்னும்?" என்றார் மாமியார். "நீதானே சொன்ன."