அசையாத போல்ட்டும் நிதானம் அண்ணனும்

முதலில் போனை வாங்குகிறார். அடுத்து கைக்கடிகாரம். சட்டைப் பையில் லைட்டர் இருந்தால், ஒரு முறைப்போடு அதையும் வாங்குகிறார். எல்லாவற்றையும் வாளியில் போட்டு, எதிர்ப்பக்கம் தையல் கடை வைத்திருக்கும் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் பெட்ரோல் டேங்கைத் தொடுகிறார். எத்தனையோ விமான நிலையங்களைக் கடந்து வந்தவள் நான். இவ்வளவு கண்டிப்பை எங்கும் பார்த்ததில்லை.

பட்டறையில் டேங்க் பழுது பார்க்கும் அவருக்குத் தெருவில் 'நிதானம்' என்று பெயர். அது பாராட்டா கிண்டலா என்பது அவரவர் அவசரத்தைப் பொறுத்தது. இருபது வருடங்களுக்கு முன் காலி டேங்க் ஒன்றுக்குச் சூடு காட்டினார். பட்டறைக் கூரை பக்கத்து வீட்டு மாடிக்குக் குடிபோனது. புருவங்கள் இன்றுவரை சரியாக முளைக்கவில்லை. எதைச் சொன்னாலும் திகைத்துப்போனவர் போலவே இருக்கிறார்.

"காலி டேங்க்னு உலகத்துல ஒண்ணு கிடையாதும்மா. பெட்ரோல் வெளிய போனா, ஆவி உள்ள குந்திக்கும். அதுதான் ஆளைத் தூக்கும்."

நான் என் பைக்கைக் கொடுக்கப் போன அன்று, அவர் மைத்துனர் தன் படகின் பழைய டேங்கோடு வந்திருந்தார். மறுநாள் காலை படகுக்குப் பரிசோதனை. டேங்கைக் கழுவிக் காட்டாவிட்டால் உரிமம் கிடையாது, படகு கரையில்தான். கழுவுவதற்குத் திறக்க வேண்டிய அடிப்பக்க போல்ட்டோ அசையவில்லை.

"கேஸ் பர்னரை எடுங்க மச்சான். ரெண்டு நிமிஷ வேலை."

"ரெண்டு நிமிஷந்தான் மாப்ள. அதுக்கப்புறம் நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்."

வெட்டவெளியில் வைத்து, கைப்பம்பால் பெட்ரோலை உறிஞ்சி, அந்தக் கேனைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்தார். ஆவிக்கு இடமில்லாதபடி டேங்கின் வாய்வரை தண்ணீர் ஊற்றினார். போல்ட்டைச் சுற்றி எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தார். மைத்துனர் முற்றத்தை அளந்துகொண்டிருந்தார். பிறகு, பொறி பறக்காத பித்தளைச் சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டு, பித்தளை ஸ்பேனரைப் போட்டார். ஊஹூம்.

"இதுல யாராச்சும் கை வச்சாங்களா?"

"யாரு மச்சான் வைப்பா? அதுவா இறுகிக்கிச்சு."

அந்த நேரம் எதிர்க்கடை வாளியில் ஒரு போன் அடித்தது. தையல் கடை அக்கா எடுத்துக் கேட்டார். தெருவே திரும்பும்படி கத்தினார்:

"டேய்! உன் படகுப் பையன் கேக்குறான்டா. போல்ட்டுக்குப் பசை வச்சு பெயின்ட் அடிச்சியே, அத மச்சான்கிட்ட சொல்லிட்டியாங்கிறான்!"

நிதானம் மைத்துனர் பக்கம் திரும்பினார்.

"ஒழுகிச்சு மச்சான்... இறுக்குனேன். இன்னும் ஒழுகிச்சு... இன்னும் இறுக்குனேன்."

"அப்புறம்?"

"பசை."

நிதானம் திட்டவில்லை. தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்து நிரப்பினார். பித்தளைத் தகட்டால் பெயின்டையும் பசையையும் பொடிப்பொடியாகச் சுரண்டினார். எண்ணெய், மறுபடி காத்திருப்பு. முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். 'டக்' என்றது. தண்ணீரோடு போல்ட் அவர் கைக்கு வந்தது. உள்ளே ஒரு வாஷர், நசுங்கிக் கிழிந்து கிடந்தது.

"ஒழுகுனதுக்கு இதுதான் காரணம். இத மாத்தியிருந்தா போதும். உன் பலத்தை எல்லாம் இதுமேலயா காட்டுவ?"

துருவைக் கழுவி முடித்து, புது வாஷர் போட்டு, போல்ட்டை மைத்துனரையே பூட்டச் சொன்னார். அவர் விரலால் திருகி, ஸ்பேனரால் ஒரு கால் சுற்று திருப்பியதும், நிதானம் "போதும்" என்றார். மைத்துனர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இன்னும் ஒரு சுற்றுக்கு ஸ்பேனரைப் பிடித்தார்.

நிதானம் அதை மெதுவாக அவர் கையிலிருந்து உருவி, முக்காலியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.