உப்பு காய்ந்திருந்த நாள்

என் வீட்டுப் பரணில் ஒரு தேக்கு டிராயர் கிடக்கிறது. அலமாரி இல்லாத வெறும் டிராயர். ஒன்றரை அடி அகலம், ஒரு சாண் உயரம், முன்பலகையில் ஒரு பித்தளைக் குமிழ். பலகையின் பாலிஷ் முழுக்க தேமல் படர்ந்த மாதிரி வெள்ளை பூத்திருக்கிறது. உள்ளே அடிப்பலகையில் மஞ்சள் கறை. மூக்கருகே கொண்டுபோனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் லேசாக மூத்திர வாடை அடிக்கும். அல்லது அடிப்பதாக என் மூக்கு நம்புகிறது. ஒவ்வொரு போகிக்கும் என் மனைவி, "இந்தச் சனியனத் தூக்கி நெருப்புல போடுங்களேன்" என்பாள். போடமாட்டேன். ஆசையாகப் பாதுகாக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைப் பார்த்தால் எனக்கே குமட்டிக்கொண்டு வரும். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அது. மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டி, கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை ஒன்றில் மரவேலைப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தேன். ஆர்டர் கொடுப்பவர் கேட்கும் அளவில் அலமாரி, கப்போர்டு, டிவி ஸ்டாண்டு செய்து தருவோம். நான், இரண்டு ஆசாரிகள், ஒரு பாலிஷ்காரர். மரப்பட்டறை என்றால் வாசனையும் அமைதியுமாக இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கற்பனை செய்துகொள்வார்கள். கண்றாவி. காலையில் வந்தால் ராத்திரி ஓடிய எலிகளின் புழுக்கை பிளைவுட் அடுக்கின் மேல் கிடக்கும். பெவிகால் டப்பாவில் ஈ விழுந்து மிதக்கும். மத்தியானச் சோற்றில் மரத்தூள் விழும். அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தின்போம். உப்புக்காற்றுக்கு இரும்புக் கீல் மூன்றே மாதத்தில் துருவைக் கக்கும், உடனே வாடிக்கையாளர் போன் போட்டு என் பரம்பரையையே விசாரிப்பார். மூன்று கதவு என்று சொல்லிவிட்டுப் போனவர், மச்சான் வீட்டில் நாலு கதவு பார்த்துவிட்டு, அறுத்துவைத்த பலகை முன்னால் வந்து நின்று, "அதையே கொஞ்சம் இழுத்து நாலாக்கிடுங்களேன்" என்பார். மரமென்ன ரப்பரா? ஆனாலும் "பாத்துக்கலாங்க" என்று பல்லைக் காட்டுவேன். அந்தப் பல் காட்டும் பழக்கம்தான் பின்னால் என்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டது.

பாலிஷ்காரர் காலனியிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை "வாங்க மொதலாளி" என்பார். நான் அவரை "ஏம்பா, இங்க வா" என்பேன். இரண்டு பேருக்கும் அது இயல்பாகவே இருந்தது, அல்லது எனக்கு இருந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் பஞ்சை முடிந்து, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். ஒரு பலகைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. முடிந்தபிறகு அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொள்வது ஆசாரிகளின் விளையாட்டு. "இன்னா, சலூன் தொறந்துட்டேனா நானு?" என்று துணியை வீசி விரட்டுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் ஒரு சிட்டிகை கல்லுப்பைக் காகிதத்தில் கொட்டி ஜன்னல் விளிம்பில் வைப்பார். வேலையைத் தொடும்முன் அதை விரலால் நிமிண்டுவார். கல் கல்லாக உதிர்ந்தால் பாலிஷ் போடுவார். ஈரம் கோத்து விரலில் ஒட்டினால் அன்றைக்குப் பாலிஷ் கிடையாது; உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வெறும் பலகையைத் தேய்க்கப் போய்விடுவார். காற்றில் ஈரம் இருக்கும்போது அரக்குப் பாலிஷ் போட்டால் வெளுத்துவிடும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் அதை உப்பை வைத்துப் பார்த்தவரை அவருக்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வாலிப வயதில் உப்பளத்தில் வேலை செய்தவர், உப்பு எப்போது நீர்க்கும் என்று உடம்பே அறிந்தவர். டெலிவரி நாளை வைத்துக்கொண்டு நான் குதிப்பேன். "உப்பு வேணாங்குது மொதலாளி, நான் இன்னா செய்யட்டும்?" என்பார். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் அன்றைக்கு அரக்குத் துணியைத் தொடமாட்டார்.

அந்த ஆவணியில் உப்பளம் வைத்திருந்த ஒருவர் புதுவீடு கட்டி முடித்தார். பூஜை அறைக்கு ஒரு தேக்கு அலமாரி கேட்டார். "மொதல்ல சாமிக்குச் செஞ்சு குடு. நல்லா வந்துச்சுன்னா நாலு ரூமுக்கும் அலமாரி, கிச்சன் எல்லாம் ஒனக்குத்தான்" என்றார். மழைக்காலம் முழுக்கப் பட்டறைக்குச் சோறு போடும் வேலை அது. உயிரைக் கொடுத்துச் செய்தோம். பாலிஷ் ஆரம்பித்த காலையில் நானும் ஜன்னலோரம்தான் நின்றிருந்தேன். உப்பை நிமிண்டியவர், "இன்னிக்கு சாமியே சரின்னுடுச்சு" என்று சிரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் அலமாரியை ஏற்றிக்கொண்டு போனோம். பூஜை அறை நிலைப்படியில் இடித்து ஒரு பக்கம் நீளமாகக் கீறிவிட்டது. டெம்போவில் உட்கார்ந்திருந்த பாலிஷ்காரரை நான்தான் உள்ளே கூப்பிட்டேன். அரக்குப் பாட்டிலோடு வந்தவரை உப்பளக்காரர் உற்றுப் பார்த்தார்.

"நம்ம பாத்தியில உப்பு வார்றாளே, அவ புருஷன்தான நீ?"

"ஆமாங்க."

உப்பளக்காரரும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடிந்தால் விசேஷம். கீறலோடு சாமியை வைக்க முடியாது. "சரி, சீக்கிரம் முடிச்சிட்டுக் கௌம்பு" என்றார். ஒரு மணி நேரத்தில், கீறல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாதபடி முடித்துவிட்டார். எனக்கும் ஆசாரிகளுக்கும் ஹாலில் எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. அவருக்கு வெளியே குழாயடியில் பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். அந்த வீட்டுக் குப்பையில்கூட அதைப் போட அவருக்கு மனம் வரவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி என் டீயைக் குடித்து முடித்தேன். ஏலக்காய் போட்ட டீ, நன்றாகவே இருந்தது.

ஒரு வாரம் கழித்து உப்பளக்காரர் போன் செய்தார். "இன்னாப்பா வேல செஞ்சிருக்கீங்க? டிராயர் தொறக்க மாட்டேங்குது. மேலெல்லாம் வெள்ளையா பூத்துக் கெடக்குது." நான் மட்டும் போனேன். டிராயர் உப்பிப்போய் இறுகியிருந்தது. உளியை விட்டு நெம்பி, காலை ஊன்றி இழுத்தேன். வெளியே வந்ததும் குப்பென்று அந்த வாடை. மாட்டு மூத்திரமும் மஞ்சளும் கலந்து, ஈரமரத்தில் ஒரு வாரம் புளித்த வாடை. கையைத் தூர விலக்கிக்கொண்டேன்.

உப்பளக்காரரின் மனைவி கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "கோமியந்தான். அன்னிக்கே தெளிச்சு, மஞ்சத்தண்ணி ஊத்தி ரெண்டு தரம் கழுவி உட்டோம். காலனி ஆளு கைய வெச்சுட்டுப் போனதுல பின்ன சாமிய எப்பிடி வைக்கிறது?"

"தேக்குன்ன, பாலிஷுன்ன. ரெண்டு கொடம் தண்ணி தாங்கலன்னா அது இன்னா வேல?" என்றார் உப்பளக்காரர்.

அந்தக் கையால் தேய்த்த பளபளப்பு வேண்டும், அந்தக் கை வேண்டாம். கழுவியதும் அவர்கள், வெளுத்ததற்குப் பழி ஏற்க வேண்டியதும் அந்தக் கையே. சீ, என்ன மனிதர்கள் என்று எனக்குள் ஓடியது. வாய் என்ன சொன்னது தெரியுமா? "மாத்திக் குடுத்துடறேங்க" என்றது. சிரித்தேன் வேறு. நாலு ரூம் அலமாரியும் கிச்சனும் என் கண்முன்னால் வரிசையாக நின்றன. டீ வந்தது, குடித்தேன். புது டிராயர் செய்து மாட்டி, வெளுத்த இடங்களில் கடையில் வாங்கிய வார்னிஷை நானே அப்பிவிட்டு வந்தேன். பழைய டிராயரைப் பாலிஷ்காரர் கண்ணில் படாமல் கோணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன கருணை பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாலிஷ்காரர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். ஆரோவில் பக்கத்தில் ஒரு பெரிய பட்டறையில் பாலிஷுக்கு ஆள் எடுக்கிறார்கள், மாதச் சம்பளம், நிரந்தர வேலை. "அங்க போயிட்டா ஊட்டுக்காரிய உப்பளத்துக்கு அனுப்ப வேணாம் மொதலாளி. ரெண்டு காலும் வெடிச்சி ரத்தம் வருது அவளுக்கு. உங்ககிட்ட விசாரிக்க ஆள் வருவாங்க. பெரிசா ஒண்ணும் சொல்ல வேணாம். உள்ளத சொல்லுங்க, போதும்." சொல்கிறேன் என்று தலையாட்டினேன். ஆனால் அவர் போய்விட்டால் என் பட்டறைக்கு யார் என்ற யோசனை அன்றே மண்டைக்குள் புழுவாகப் புகுந்துவிட்டது.

பொம்மையார்பாளையத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். அந்த ஆரோவில் பட்டறையின் மேற்பார்வையாளர். மாதிரிக்கு எங்கே பார்க்கலாம் என்று கேட்டதற்கு, பாலிஷ்காரர் பெருமையாக அந்தப் பூஜை அலமாரியைச் சொல்லியிருந்தார். இவரும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஒரே வாரத்துல வெளுத்துடுச்சுன்னு அந்த வீட்டுல சொல்றாங்க. உங்க வேலதானே சார்? எதனால வெளுத்துச்சு?"

உள்ளதைச் சொல்ல ஒரு வரி போதும். கழுவினார்கள், வெளுத்தது. ஆனால் அந்த வரி உப்பளக்காரர் காதுக்குப் போனால் நாலு ரூமும் கிச்சனும் போச்சு. சொல்லாவிட்டால் ஆர்டரும் நிற்கும், பாலிஷ்காரரும் என்னிடமே நிற்பார். இவ்வளவையும் ஒரு நொடியில் எடைபோட எனக்குத் தெரிந்திருந்தது.

"ஈர நாள்ல கைய வெச்சுட்டாரு போல. மத்தபடி நல்ல ஆளுங்க" என்றேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். "ஈரம் பாக்கத் தெரியலன்னா எங்களுக்குச் சரிப்படாதுங்க" என்று பைக்கை உதைத்தார். என் வாயில் வந்த சொற்களிலேயே நாறிப்போனது அந்த 'மத்தபடி நல்ல ஆளு'தான். கழுத்தை அறுத்துவிட்டுத் துண்டால் துடைத்துவிடுகிற காரியம் அது.

நாலு நாள் கழித்துக் காலையில் பாலிஷ்காரர் வந்தார். வழக்கம்போல உப்பை ஜன்னலில் வைத்தார். ஆனால் நிமிண்டவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றார். குரல் உயரவில்லை.

"ஈர நாள்ல நான் கைய வெச்சேன்னு சொன்னீங்களாமே."

நான் டேப்பை இழுத்து எதையோ அளந்தேன்.

"அவங்க கழுவுனது எனக்கு மறுநாளே தெரியும் மொதலாளி. உப்பளத்துல பொம்பளைங்க எல்லாம் பேசிக்கிட்டாங்க, எம் பொண்டாட்டி வந்து அழுதா. உடுடின்னு சொன்னேன். அது அவங்க அசிங்கம், எனக்கு இன்னா வந்துச்சு. வந்த ஆளுகிட்ட நீங்க உள்ளத சொல்லிடுவீங்கன்னுதான் அந்த ஊட்டையே காட்டி உட்டேன். நீங்க என் வேலையில கொற சொல்லிட்டீங்களே." ஜன்னலைக் காட்டினார். "அன்னிக்கு உப்பு எப்பிடி இருந்துச்சு? நீங்களும்தான பக்கத்துல நின்னு பாத்தீங்க?"

இழைத்துக்கொண்டிருந்த ஆசாரிகள் இருவரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "வேலயப் பாருப்பா, அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் பஞ்சுமுடிச்சு இருந்த பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் பட்டறையைப் பெருக்கும்போது ஜன்னலில் அந்த உப்பு அப்படியே இருந்தது.

உப்பளக்காரர் கடைசியில் என்ன செய்தார் என்று சொல்லாவிட்டால் இந்த அசிங்கம் முழுமையாகாது. நாலு ரூமுக்கும் புதுச்சேரியில் ரெடிமேட் பீரோ வாங்கிப் போட்டுவிட்டார். எதற்காக நாக்கைப் புரட்டினேனோ அதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் உப்பு சீசனில் அனுமந்தைக்குப் பஸ்ஸில் போகும்போது பாலிஷ்காரரைப் பார்த்தேன். மனைவியும் அவருமாகப் பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பஸ் மெதுவாகத்தான் போனது. இறங்கியிருக்கலாம். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

இந்தப் போகிக்கும் என் மனைவி டிராயரைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். "அப்பிடி இன்னாதான் இருக்குது இதுல?" என்று கேட்டாள். முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, டிராயரைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு உப்பப் பத்திக் கேட்டாரே, அதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லலையா?"

சொல்லவில்லை. டிராயர் மறுபடியும் பரணுக்குப் போய்விட்டது. அந்த வெள்ளையை எடுக்க ஸ்பிரிட் தொட்ட துணியோடு அவர் கை ஒரு தடவை துடைத்தால் போதும். கூப்பிட எனக்கு முகம் இல்லை. அவர் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்பதுகூடத் தெரியாது. பட்டறையில் இரண்டு ஆசாரிகள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன். ஐயா, அன்றைக்கு உப்பு காய்ந்துதான் இருந்தது. நீங்கள் நிமிண்டியபோது கல் கல்லாக உதிர்ந்தது, விரலில் ஒட்டவே இல்லை. நான் பார்த்தேன்.