மெஹர் ஓட்டிய பழைய மிஷின்

பஷீர் பாய் போன வாரம் போன் செய்தார். "தேவிம்மா, நம்ம மெஹரு மௌத்தாயிட்டா" என்று சாவுச்சேதி சொன்னார். நான் "யாரு?" என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு மெஹரைத்தான் தெரியும். இருந்தும் கேட்டேன். அதற்கு முந்தின நாள்வரை காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "பேக்கப் எடுத்தியாடி?" என்று என்னைத் திட்டியவள் அவள்.

உத்திரமேரூர்ப் பக்கம் இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி அவள் வடிவமைத்ததாகத்தான் இருக்கும். அவள் அண்ணன் பஷீர் பாயின் மளிகைக்கடையை ஒட்டிய சின்ன அறையில் அவளும் நானும் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் பத்திரிகை தயாரித்தோம். சென்னையில் ஏதோ ஆபீஸ் கழித்துக் கட்டிய மிஷின் அது. பிள்ளையார் படம் திரையில் முழுதாக வருவதற்குள் டீ குடித்து முடித்துவிடலாம். வருகிற ஆட்கள் பொறுமையிழந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

பாய் நல்லவர்தான், ஆனால் வியாபாரி. "ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பாக்கறேன். அப்பறமும் இது நொண்டிக்கினு இருந்தா எடத்த அரிசி மூட்டைக்கு வுட்டுடு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். கடை போனால் மெஹருக்கு வீடுதான். "வூட்ல உக்காந்து நான் இன்னாடி பண்றது?" என்று என்னிடம் கத்தினாள், நானே மூடச் சொன்னதுபோல. எனக்கும் போக வேறு இடம் கிடையாது.

புது மிஷினுக்கு வழியில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய மெமரி ராம் ஒன்று வாங்கிவந்து மாட்டினாள். கொஞ்சம் தேவலை, போதவில்லை. அப்புறம் ஏதோ கம்ப்யூட்டர் மாத இதழில் படித்துவிட்டு மதர்போர்டில் கை வைத்தாள். அதில் ஜம்பர் என்று சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு மூடி. அதைக் கழற்றிப் பக்கத்து ஊசிகளில் மாட்டினால் நூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற புராசசர் நூற்று அறுபத்தாறில் ஓடும். சூடும் ஏறும்.

"எரிஞ்சி போச்சின்னா?" என்றேன்.

"எரிஞ்சா அரிசி மூட்ட. எரியலன்னா நம்ம கட. இப்பிடியே வுட்டாலும் அரிசி மூட்டதான்டி."

ஓடியது. என்னமாய் ஓடியது! கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப்போட்டு, உள்ளே காற்று போகும்படி டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்தோம். காலையெல்லாம் பறக்கும். ஆனால் யாராவது குடும்பத்தோடு ப்ரூப் பார்க்க வந்தால் மட்டும் அப்படியே உறைந்து நிற்கும். அடித்த பெயர்கள் போய்விடும். கண்ணு பட்டுவிட்டது என்றார் பாய். நானும் நம்பி எலுமிச்சம்பழம் கட்டினேன்.

ஆவணியில் மானாம்பதியிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்தது. தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். பாய் மளிகைக்கடையிலிருந்து எட்டிப் பார்த்து, பெரியவருக்கு வேர்க்கிறதே என்று ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். வருகிற பெரியவர்களுக்கெல்லாம் அவர் எப்போதும் செய்கிற மரியாதைதான். சற்று நேரத்தில் திரை உறைந்தது. மெஹர் திரையைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள். எழுந்துபோய் அதை மிஷின் பக்கமே திருப்பினாள்.

பாய் ஓடிவந்தார். "ஏய், பெரியவரு உக்காந்துக்கினு கீறாரு!"

தாய்மாமன் எழுந்துவிட்டார். "கம்ப்யூட்டருக்குக் கீற மரியாத எனக்கு இல்லியா? வாங்கடா, காஞ்சிபுரம் போலாம்."

மெஹர் நகரவில்லை. "மாமா, காத்து இல்லன்னா அது நின்னுடும். அது நின்னா உங்க பேரு பாதில நிக்கும். தாய்மாமன்னு போட்டு, பேரு இல்லாம அடிச்சித் தரட்டா?"

பெண்வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் அவரே காவல் காத்தார்: "யாரும் குறுக்க நிக்காதீங்கப்பா, மிஷினுக்குக் காத்து வரட்டும்!" அன்று சாயங்காலமே பத்திரிகை அச்சுக்குப் போனது. மானாம்பதிக் கல்யாணமெல்லாம் அதற்கப்புறம் எங்களிடம்தான்.

பிறகு புது மிஷின்கள் வந்தன. மெஹர் மாறவில்லை. என் சாம்பார் சாதத்தை எடுத்துத் தின்றுவிட்டு உப்பு குறைவு என்பாள். ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.

துக்கம் கேட்கப் போனபோது வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர், "தங்கச்சிக்குக் கட வச்சிக் குடுத்து நல்லா பாத்துக்கினீங்க" என்றார். பஷீர் பாய், "நான் எங்க வச்சிக் குடுத்தேன்? மூடப் பாத்தேன். அவ வுடல" என்று சொல்லிக் குலுங்கி அழுதார்.

அவளுக்குப் பயமே கிடையாது என்று அவளைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். பொய். அந்த ஜம்பரைக் கழற்றியபோது பக்கத்தில் இருந்தவள் நான். அவள் விரல் நடுங்கி அது இரண்டு தடவை கீழே விழுந்தது. நடுங்கிய கையாலேயே எடுத்து மாட்டினாள். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கையைத்தான். நேற்றுக் காலை பாய் எங்கள் கடைச்சாவியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். பூட்டில் சாவி நுழையவே இல்லை, என் கை அப்படி ஆடியது.

திறந்துவிட்டேன், மெஹர்.